டீம்ஸில் ஆபீஸ் போன் அடிக்க வேண்டும்: பழைய எண்ணை விடாமல் எப்படி இணைப்பது?

கேள்வி: கோவையில் பம்ப்செட் உதிரிபாகங்கள் விநியோகிக்கும் நிறுவனம் எங்களுடையது. 34 பேர் வேலை பார்க்கிறோம். ஒரே 0422 எண், அதன் பின்னால் கிளவுட் பிபிஎக்ஸ் (அழைப்புகளைப் பிரித்து அனுப்பும், இன்டர்நெட் வழி இயங்கும் ஆபீஸ் எக்ஸ்சேஞ்ச்). அதில் ஐவிஆர் (இன்ன பிரிவுக்கு இன்ன எண்ணை அழுத்துங்கள் என்று சொல்லும் தானியங்கிக் குரல்), விற்பனைப் பிரிவுக்கு ஒரு க்யூ (அழைப்புகள் காத்திருக்கும் வரிசை), 101 முதல் 134 வரை எக்ஸ்டென்ஷன்கள் (உள் எண்கள்) உள்ளன. எல்லோரிடமும் மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் ஸ்டாண்டர்ட் இருப்பதால் நாள் முழுக்க மைக்ரோசாஃப்டின் சாட், மீட்டிங் ஆப்பான டீம்ஸில்தான் இருக்கிறோம். வாடிக்கையாளர் அழைப்பும் அதிலேயே வரவேண்டும். எண் மாறக் கூடாது. விற்பனைப் பிரிவினர் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள். எப்படி இணைப்பது?

பதில்: எண் மாறக் கூடாது, வீட்டிலிருந்தும் பேச வேண்டும். நீங்கள் போகிற போக்கில் சொன்ன இந்த இரண்டும்தான் எந்த வழியில் போவது என்பதைத் தீர்மானிக்கின்றன.

வழிகள் மூன்று. முதலாவது, உங்கள் பிபிஎக்ஸ் நிறுவனம் டீம்ஸுக்குள் போட்டுக்கொள்ளத் தரும் டயலர் ஆப். பார்க்க டீம்ஸுக்குள் இருந்தாலும் அழைப்பு அவர்களுடைய சாஃப்ட்போன் (போனாக வேலை செய்யும் மென்பொருள்) வழியாகவே போகும். மைக்ரோசாஃப்டுக்குத் தனி லைசென்ஸ் தேவையில்லை. இரண்டாவது, டைரக்ட் ரூட்டிங். பிபிஎக்ஸையும் டீம்ஸையும் எஸ்பிசி என்ற கருவி இணைக்கும். டீம்ஸே முழுமையான போனாகிவிடும். இதற்குப் பேசும் ஒவ்வொருவருக்கும் டீம்ஸ் போன் ஸ்டாண்டர்ட் லைசென்ஸ் தனியாக வாங்க வேண்டும். மூன்றாவது, ஆபரேட்டர் கனெக்ட். தொலைபேசி நிறுவனமே எண்களை நேராக டீம்ஸில் இறக்கிவிடும். மொபைல் எண்ணைப் போல லேண்ட்லைன் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளும் வசதி நம் நாட்டில் இல்லை. எனவே 0422 எண்ணைத் தரும் நிறுவனமே அந்தச் சேவையைத் தந்தாலொழிய மூன்றாவது வழியை மறந்துவிடுங்கள்.

மீதி இரண்டில் ஒன்றை எல்லோருக்கும் திணிக்க வேண்டியதில்லை. எந்நேரமும் ஆபீஸ் மேசையில் இருப்பவர்களுக்கு டைரக்ட் ரூட்டிங், வீட்டிலிருந்தும் பேசும் விற்பனைப் பிரிவினருக்கு டயலர் ஆப், கிடங்கில் இருப்பவர்களுக்கு இப்போதுள்ள போனே போதும். இந்தக் கலவை குழப்பமில்லாமல் ஓட ஒரு நிபந்தனை உண்டு. ஐவிஆர், க்யூ, ரெக்கார்டிங், வேலைநேரம் முடிந்தபின் எங்கே அடிக்க வேண்டும் என்பது எல்லாமே பிபிஎக்ஸ் கையில் இருக்க வேண்டும். டீம்ஸ் அதற்கு இன்னொரு எக்ஸ்டென்ஷன் மட்டுமே. அழைப்பை எங்கே அனுப்புவது என்று இரண்டு இடங்களும் முடிவெடுக்கத் தொடங்கினால், தவறிய அழைப்புகளுக்குக் காரணம் கண்டுபிடிப்பதே தனி வேலையாகிவிடும்.

விற்பனைப் பிரிவினரைப் பிரித்ததற்குக் காரணம் சட்டம். ஒரு ஊரின் லைனை இன்டர்நெட் வழியாக இன்னொரு இடத்திலிருந்து பயன்படுத்தி எஸ்டிடி கட்டணத்தைத் தவிர்ப்பதை டோல் பைபாஸ் என்பார்கள். இந்தியாவில் அதற்குக் கட்டுப்பாடு உண்டு. அதற்காகவே டீம்ஸில் லொகேஷன் பேஸ்டு ரூட்டிங் என்ற அமைப்பு இருக்கிறது. ஆபீஸின் உள் நெட்வொர்க் சப்நெட்டையும் (உள் முகவரி வரிசை) வெளி ஐபி முகவரியையும் (இன்டர்நெட்டில் ஆபீஸைக் காட்டும் முகவரி) டீம்ஸ் அட்மின் சென்டரில் பதிய வேண்டும். பதிந்த இடத்தில் இருந்தால்தான் அந்த லைனில் வெளியே பேச முடியும். வீட்டில் இருப்பவருக்கு வரும் அழைப்பு மணியடிக்காமல் நேரே வாய்ஸ்மெயிலுக்குப் போகும். வெளி ஐபி அடிக்கடி மாறும் பிராட்பேண்ட் என்றால் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவருக்கும் இதே கதிதான்: காலையில் பேசியவரால் மதியம் பேச முடியாது, ஏனென்று யாருக்கும் தெரியாது. ஸ்டாட்டிக் ஐபி (மாறாத முகவரி) வாங்கிய பிறகே இதைத் தொடுங்கள். டயலர் ஆப்பை வீட்டிலிருந்து பயன்படுத்த அவர்களுடைய உரிமத்தில் இடமுண்டா என்பதையும் பிபிஎக்ஸ் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எஸ்பிசியை நீங்கள் வாங்கி வைக்க வேண்டாம். மைக்ரோசாஃப்ட் சான்றளித்த எஸ்பிசியை உங்கள் பிபிஎக்ஸ் நிறுவனமே நடத்துகிறதா என்று கேளுங்கள். நடத்தினால் உங்களுக்கென்று ஒரு துணை டொமைன் பெயர் தருவார்கள். அதை உங்கள் மைக்ரோசாஃப்ட் 365 கணக்கில் சேர்த்து, டிஎன்எஸ்ஸில் (டொமைன் பெயர்களின் பதிவேடு) அவர்கள் போடும் டிஎக்ஸ்டி என்ற எழுத்துப் பதிவால் சரிபார்க்க வேண்டும். பலரும் இத்தோடு நிறுத்திவிட்டு, அழைப்பு ஏன் போகவில்லை என்று குழம்புகிறார்கள். அந்த டொமைன் பெயரிலேயே ஒரு பயனரை உருவாக்கி லைசென்ஸ் கொடுத்தால்தான் டொமைன் உயிர்பெறும். அதற்கு 24 மணி நேரம் வரை ஆகலாம். உயிர்பெற்ற பிறகு அந்த லைசென்ஸைத் திரும்ப எடுத்து வேறொருவருக்குத் தரலாம்.

பிறகு பயனருக்கு லைசென்ஸ், எண், வாய்ஸ் ரூட்டிங் பாலிசி (அழைப்பு எந்த வழியாக வெளியே போகும் என்ற விதி) ஆகிய மூன்றையும் கொடுங்கள். டீம்ஸில் டயல் பேட் தெரியவில்லையென்றால் பெரும்பாலும் இவற்றில் ஒன்று விட்டுப்போயிருக்கும். எல்லாம் சரியாக இருந்தும் தெரியவில்லை என்றால் மறுநாள் வரை காத்திருங்கள். பாலிசி வந்து சேரத் தாமதமாகும். அதற்குள் அழித்து மீண்டும் போடுவது தாமதத்தைக் கூட்டும்.

உங்கள் எக்ஸ்டென்ஷன் எண்கள்தான் எனக்குப் பெரிய கவலை. பிபிஎக்ஸ் போனில் வெளி லைனுக்கு முதலில் 0 அல்லது 9 அழுத்திப் பழகியிருப்பீர்கள். டீம்ஸில் யாரும் அதை அழுத்த மாட்டார்கள். மூன்று இலக்கம் வந்தால் எக்ஸ்டென்ஷனுக்கு அனுப்பு என்று டயல் பிளானில் (அழுத்தும் எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது என்ற விதிகளின் பட்டியல்) விதி போட்டால், ஆம்புலன்ஸுக்காக ஒருவர் அழுத்தும் 108 உங்கள் கணக்குப் பிரிவில் யாரோ ஒருவருக்கு அடிக்கும். 101 தீயணைப்பு நிலையம், 112 பொது அவசர எண்; இரண்டுமே உங்கள் வரிசைக்குள் இருக்கின்றன. இணைப்பைத் தொடங்கும் முன் எக்ஸ்டென்ஷன்களை 2101, 2102 என்று நான்கு இலக்கமாக்கிவிடுங்கள். கிளவுட் பிபிஎக்ஸில் இது அரைநாள் வேலை. மாற்றிய பின், அவசர எண்களை அப்படியே வெளியே அனுப்பும் விதியை டயல் பிளானில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். வீட்டில் இருப்பவர்கள் அவசரத்துக்கு மொபைலைத்தான் எடுக்க வேண்டும் என்றும் சொல்லிவையுங்கள். ஆப் வழியாகப் போகும் அழைப்பு அவர்களுடைய வீட்டு முகவரியைச் சொல்லாது.

மற்ற எண்கள் எல்லாம் +91 வடிவத்துக்கு வர வேண்டும்: 0422-வில் தொடங்குவது +91422 ஆகவும், பத்து இலக்க மொபைல் எண் முன்னால் +91 சேர்ந்தும். 1800 எண்களை மட்டும் தொடாமல் விடுங்கள். உள்ளே வரும் அழைப்புக்கும் எஸ்பிசியில் இதையே செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பூஜ்யத்தோடு வரும் எண், நீங்கள் +91 போட்டுச் சேமித்த பெயரோடு பொருந்தாது. தினமும் பேசும் வாடிக்கையாளரும் வெறும் எண்ணாகத்தான் தெரிவார்.

அடுத்தது வாய்ஸ்மெயில். டீம்ஸில் 20 விநாடி எடுக்கவில்லையென்றால் அதன் வாய்ஸ்மெயில் எடுத்துக்கொள்ளும். க்யூ அல்லது ரிங் குரூப்பில் (ஓர் அழைப்பைப் பலரிடம் கொண்டுபோகும் குழு) ஒருவருக்கு 25 விநாடி அடித்துவிட்டு அடுத்தவருக்குப் போகும்படி பிபிஎக்ஸை வைத்திருந்தால் அந்த அடுத்தவருக்கு அழைப்பே போகாது. வாய்ஸ்மெயில் எடுத்ததை, ஆள் எடுத்துவிட்டதாகவே பிபிஎக்ஸ் நினைத்துக்கொள்ளும். ரிப்போர்ட்டிலும் பதிலளித்த அழைப்பு என்றே பதிவாகும் என்பதால் மாதக்கணக்கில் இது வெளியே தெரியாது. டீம்ஸ் அழைப்புப் பாலிசியில் வாய்ஸ்மெயிலை அணைத்துவிட்டு, பிபிஎக்ஸின் வாய்ஸ்மெயிலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெளி எண்ணுக்கு ஃபார்வர்டு செய்வதையும் அதே இடத்தில் தடுங்கள். டீம்ஸிலிருந்து ஆபீஸ் எண்ணுக்கு ஒருவர் ஃபார்வர்டு போட்டால் அழைப்பு இரண்டுக்கும் நடுவே சுற்றிக்கொண்டே இருக்கும். பிஸி ஆன் பிஸி என்ற அமைப்பை ஆன் செய்யுங்கள். அப்போதுதான் ஒருவர் பேசிக்கொண்டிருப்பது பிபிஎக்ஸுக்குத் தெரிந்து அடுத்தவருக்குத் தள்ளும்.

டயலர் ஆப் பயன்படுத்துபவர் போனில் இருக்கும்போது டீம்ஸில் அவர் பெயரருகே பச்சைப் புள்ளியே தெரிந்தால், பெரும்பாலும் ஸ்டேட்டஸை மாற்ற அந்த ஆப்புக்கு அட்மின் அனுமதி கொடுக்கவில்லை என்று பொருள். ரெக்கார்டிங்கில் ஒன்றை நினைவில் வையுங்கள்: இரண்டு டீம்ஸ் பயனர்கள் தங்களுக்குள் நேரடியாகப் பேசுவது பிபிஎக்ஸைத் தொடாது, அதனால் அதில் பதிவாகாது.

நெட்வொர்க்கில் வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் 100 கிலோபிட் தாராளம். பேக்கெட் இழப்பு (வழியில் தொலையும் குரல் துண்டுகள்) 1 சதவீதத்துக்குள், ஜிட்டர் (அவை வந்து சேரும் நேரத்தின் ஏற்ற இறக்கம்) 30 மில்லி விநாடிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபயர்வாலில் யுடிபி 3478 முதல் 3481 வரையிலான போர்ட்டுகள் (குரல் போகும் வாசல்கள்) வெளியே திறந்திருக்க வேண்டும். டயலர் ஆப்பில் அழைப்பு சரியாக 32 விநாடியில் துண்டித்தாலோ ஒருவர் குரல் மட்டும் கேட்டாலோ முதலில் ரௌட்டரில் சிப் ஏஎல்ஜி என்ற அமைப்பை அணைத்துப் பாருங்கள். சிப் (இன்டர்நெட் அழைப்புகளை இணைக்கும் நெறிமுறை) செய்திக்குள் இருக்கும் முகவரியை அது பாதி மாற்றி பாதி விட்டுவிடும். உறுதிச் செய்தி வந்து சேராமல், 32 விநாடி காத்திருந்த மறுமுனை அழைப்பை வெட்டிவிடும்.

முதல் வாரம் மூன்று பேரை மட்டும் மாற்றுங்கள், அதில் ஒருவர் ரிசப்ஷனிஸ்ட். நேரடி டிரான்ஸ்ஃபர், கேட்டுவிட்டுச் செய்யும் டிரான்ஸ்ஃபர், ஹோல்டில் பாட்டு, ஐவிஆருக்குள் எண் அழுத்துவது ஆகியவற்றை மொபைலிலிருந்து அழைத்துச் சோதிப்பவர் அவராக இருக்கட்டும். ஆபீஸில் டிரான்ஸ்ஃபரை மிகுதியாகச் செய்பவர் அவர்தான்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் எஸ்பிசியின் டிஎல்எஸ் சர்ட்டிஃபிகேட்டை (அந்தக் கருவியின் அடையாளத்தை டீம்ஸுக்கு உறுதிசெய்யும் டிஜிட்டல் சான்றிதழ்) யார் புதுப்பிப்பது, தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள். சர்ட்டிஃபிகேட் காலாவதியானால் அந்த நிமிடமே டீம்ஸ் பக்கம் எல்லா அழைப்பும் நின்றுபோகும். பொதுச் சர்ட்டிஃபிகேட்டுகளின் அதிகபட்ச ஆயுளை 398 நாளிலிருந்து படிப்படியாகக் குறைக்க முடிவாகியிருக்கிறது: 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் முதல் 100, 2029 மார்ச் முதல் 47. கையால் மாற்றுகிறோம் என்று சொல்லும் நிறுவனத்தை விட்டுவிட்டு வேறு நிறுவனம் பாருங்கள்.