சிந்திய நெல்லுக்கு வழக்கு நிற்குமா?

கே.ஆர்.புரத்திலிருந்து ஒரு வாசகர்: "பாபநாசம் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர். தம்பிதான் பார்த்துக்கொள்கிறான். சம்பா அறுவடைக்கு வெளியூர் பெல்ட் வண்டியை (சங்கிலிப் பட்டையில் ஓடும் அறுவடை இயந்திரம்) மணி வாடகைக்குப் பிடித்தான். மழையில் பயிர் கொஞ்சம் சாய்ந்திருந்தது. வாடகை ஏறுகிறதே என்று வேகமாக ஓட்டச் சொன்னான். வண்டி போன பிறகு பார்த்தால் வயல் முழுக்க நெல். முப்பது மூட்டை போச்சு. அம்மா வரப்பிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். பாதி வாடகையை நிறுத்தினோம். வண்டிக்காரர் கண்டபடி திட்டினார், இப்போது வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறார். மறுநாளே சிந்திய நெல்லை மேய வயலில் வாத்துக் கூட்டத்தை இறக்கிவிட்டோம். பெங்களூருவிலேயே நுகர்வோர் வழக்கு போடலாமா? மோசடிப் புகாரும் கொடுக்கலாமா?"

அம்மா அழுதது எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் நுகர்வோர் ஆணையம் கேட்கப்போவது ஒன்றே ஒன்று: வண்டி எவ்வளவு நெல்லை விட்டது, அதை யார் அளந்தது? திட்டியதை மறந்துவிடுங்கள். மோசடிப் புகாரும் வேண்டாம். வண்டிக்காரர் வந்தார், அறுத்தார். சரியாக அறுக்கவில்லை என்பது சிவில் தகராறு.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போட 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் வண்டி பேசியது உங்கள் தம்பி, வயலில் நின்றதும் அவர். விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் ஒரு விதை வழக்கில் சொல்லியிருக்கிறது. அது அவருக்குக் கைகொடுக்கும் அளவுக்கு, இங்கே வசிக்கும் உங்களுக்குக் கைகொடுக்காது. பலன் அடைந்தவர் என்ற முறையில் நீங்கள் வாதாடலாம், சரி. சாட்சிக்கு அவரைத்தானே ரயில் ஏற்றிக் கூட்டிவர வேண்டும்?

இப்போது அந்த முப்பது மூட்டைக்கு வருகிறேன். ஏக்கருக்குப் பத்து மூட்டை. மூட்டைக்கு 60 கிலோ வைத்தால் 600 கிலோ. ஒரு ஏக்கர் சுமார் 4,047 சதுர மீட்டர். அப்படியென்றால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 150 கிராம். ஆயிரம் நெல் 25 கிராம் என்று பார்த்தால் ஏறக்குறைய 6,000 மணி. ஒரு கயிற்றுக் கட்டிலில் பாதி இடத்தை மனதில் நினைத்துப் பாருங்கள். அதில் 6,000 மணி கிடந்ததாக உங்கள் தம்பி சத்தியம் செய்ய முடியுமா? எதிர்த்தரப்பு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால், உண்மையில் நடந்த நஷ்டமும் சேர்ந்து பொய்யாகிவிடும். இதில்தான் எத்தனையோ பேர் சறுக்குகிறார்கள். என்னிடம் வழக்குக்கு வந்த ஒருவர் நாற்பது வீடியோ கொண்டுவந்தார். எல்லாவற்றிலும் கை நிறைய ராகி. எவ்வளவு இடத்தில் அள்ளியது என்பது ஒன்றில்கூட இல்லை. நஷ்ட ஈடு கிடைக்கவில்லை, நிறுத்தி வைத்த வாடகையையும் வட்டியோடு கட்டினார்.

அளவை நிரூபித்தாலும், அதற்குக் காரணம் வண்டிதானா என்ற கேள்வி இருக்கிறது. சாய்ந்த பயிரில் எந்த வண்டியும் கொஞ்சம் விடத்தான் செய்யும். முற்றிய கதிர் வண்டி வருவதற்கு முன்பே உதிரும். வேகமாக ஓட்டினால் பின்னால் வைக்கோலோடு நெல்லும் போகும். அந்த வேகத்தைக் கேட்டதே உங்கள் தம்பி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வயலைப் பார்வையிட ஆணையம் நியமிக்கும் கமிஷனரை அனுப்பலாம் என்றால், வாத்து மேய்ந்த வயலில் அவர் எதைப் பார்ப்பார்?

அதனால் சமாதானமாகப் போங்கள். நோட்டீஸ் கெடு முடிவதற்குள் பதில் அனுப்புங்கள். அதில் முப்பது மூட்டை என்று எழுதவே வேண்டாம். அறுப்பில் குறை இருந்தது, பேசித் தீர்க்கத் தயார் என்றால் போதும். நிறுத்திய வாடகையில் ஒரு பகுதியைக் கழித்து மீதியைக் கொடுங்கள். முழுத் தீர்வு என்று எழுதி வண்டி உரிமையாளரே கையெழுத்துப் போட்ட ரசீது இல்லாமல் பணம் கைமாறக் கூடாது. டிரைவரிடமோ புரோக்கரிடமோ கொடுத்துவிட்டு மறுபடி நோட்டீஸ் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த போகத்தில் வண்டி வெளியேறியதும் ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை ஐந்து இடத்தில் வைத்து உள்ளே கிடக்கும் நெல்லை எண்ணச் சொல்லுங்கள், அறுக்காத ஓரத்தில் தானாக உதிர்ந்ததையும் எண்ணிக் கழிக்க வேண்டும். வாத்து அப்புறம் இறங்கட்டும். இப்போதைக்கு, இந்த வருடமும் போன வருடமும் கொள்முதல் நிலையத்தில் போட்ட ரசீதுகளைத் தம்பியிடம் தேடி எடுக்கச் சொல்லுங்கள். பேச உட்காரும்போது உங்கள் கையில் இருக்கப்போவது அது மட்டும்தான்.