பழைய கார் கேள்வி பதில்: கும்பகோணம் முதல் நாகை வரை

கும்பகோணத்திலிருந்து: அண்ணா, இங்கிலாந்து கார் கிளப்புகளின் பழைய இதழ்களைக் கட்டுக்கட்டாக வைத்துப் படிக்கிறீர்கள். அவர்கள் ஊர்க் குளிரில் ஓடிய வண்டியைப் பற்றி எழுதியதை வைத்து நம் ஊரில் என்ன செய்வது?

முன்பக்கத்துப் பந்தயப் படங்களைத் தள்ளிவிட்டுக் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள் தம்பி. வாசகர் கடிதமும் வரி விளம்பரமும்தான் அந்த இதழ்களின் உயிர். பாகம் கிடைக்கவில்லை, பெட்ரோல் சரியில்லை, எது அசல் எது போலி, இளைஞர்கள் வருவதில்லை: இதே நாலு கவலைதான் திரும்பத் திரும்ப வரும், நீங்கள் எல்லாரும் எனக்கு எழுதுவதும் அதேதான். ஒரு வித்தியாசம், அங்கே ஒருவர் ஒரு பழுதைச் சரிசெய்தால் எப்படிச் செய்தார் என்று எழுதி வைத்தார். நம் பக்கத்துப் பெரிய மெக்கானிக்குகளின் கைப்பக்குவத்தை யாரும் எழுதி வைக்கவில்லை, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

மயிலாடுதுறையிலிருந்து: என்னிடம் இருப்பது 1972 அம்பாசடர். அதை விண்டேஜ் என்று சொன்னால் நண்பர்கள் கேலி செய்கிறார்கள்.

யார் கணக்கில் என்பதைப் பொறுத்தது. இங்கிலாந்தின் விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் 1934-இல் தொடங்கியபோது குறைந்தது ஐந்து வருடப் பழைய வண்டி என்பதுதான் பேச்சு, அப்புறம் 1930 கடைசியோடு கோடு போட்டுவிட்டார்கள். அந்தக் கணக்கில் உங்கள் வண்டி குழந்தை. நம் நாட்டு மோட்டார் வாகன விதியில் 2021-இல் வந்த திருத்தப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத சொந்த உபயோக வண்டி விண்டேஜ்தான். தைரியமாகச் சொல்லுங்கள்.

அவரே: அதே வண்டியைக் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாமா?

விண்டேஜ் பதிவு வாங்கினால் கூடாது. கண்காட்சி, பழைய கார் பேரணி, பெட்ரோல் போட, பட்டறைக்குப் போக என்று வைத்திருக்கிறார்கள். வாடகைக்கும் இடமில்லை, தினசரி ஓட்டத்துக்கும் இடமில்லை. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம், தாத்தா காலத்து நம்பர் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். பழைய கார் கண்காட்சியில் கொண்டுபோய் நிறுத்தினால் கூட்டம் தானாகச் சேரும், அந்தச் சந்தோஷம் போதாதா?

மன்னார்குடியிலிருந்து: ஐயா, என் மோரிஸ் மைனரில் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்கு அடியில் பெட்ரோல் சொட்டுகிறது. எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்கிறார் மெக்கானிக். ஈயம் இல்லாத பெட்ரோல் வேறு, இன்ஜின் என்ன ஆகும்?

முதலில் ஈயத்தை முடித்துவிடுவோம். நம் நாட்டில் 2000 பிப்ரவரியோடு ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. ஈயம் இல்லாவிட்டால் எக்ஸாஸ்ட் வால்வு சீட், அதாவது புகை வெளியேறும் வால்வு வந்து உட்காரும் இடம், தேயும் என்பது உண்மை, ஆனால் அது நெடுநேரம் இன்ஜினை விரட்டி ஓட்டினால்தான். நீங்கள் மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு ஐம்பதில் போய் வருகிற ஓட்டத்துக்கு அவ்வளவு சீக்கிரம் ஒன்றும் ஆகாது. டேப்பட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் உள்ள சந்தை, அவ்வப்போது பாருங்கள், அது வேகமாகக் குறைந்துகொண்டே வந்தால்தான் கவலை. அமெரிக்காவில் ஈயப் பெட்ரோல் விற்பனைக்கு வந்ததே 1923-இல்தான், அதற்கு முந்தைய வண்டிகள் அது இல்லாமல்தான் ஓடின.

எத்தனால் வேறு விஷயம், அது ஒரு வகை ஆல்கஹால். இங்கிலாந்தில் 1920-களின் கடைசியிலிருந்தே கிளீவ்லேண்ட் டிஸ்கால் என்று ஆல்கஹால் கலந்த பெட்ரோல் விற்றார்கள், ஆக இது புதுப் பூதம் இல்லை. இப்போது நமக்கு வரும் இருபது சதவீதம் மட்டும் அதிகம். அது பழைய ரப்பர் ஹோஸை ஊறவைத்துப் பிளக்கும், அரக்குப் பூசிய தக்கை மிதவை இருந்தால் அரக்கைக் கரைக்கும், காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு டேங்க் அடியில் தண்ணீராகத் தங்கும்.

உங்கள் சொட்டுக்கு வருகிறேன். உங்கள் வண்டியில் இருக்கும் எஸ்.யூ. கம்பெனி கார்புரேட்டரின் அடியில், பெட்ரோல் வரும் ஜெட் என்ற சிறு குழாயைச் சுற்றிக் குட்டிக் குட்டித் தக்கை வளையங்கள் இருக்கும். சோக்கை இழுத்து விடும்போது ஜெட் அவற்றின் நடுவேதான் ஏறி இறங்கும். வண்டி நாள்கணக்கில் நின்றால் தக்கை காய்ந்து சுருங்கிவிடும், ஒழுகும். எத்தனால் இல்லாத காலத்திலேயே இந்தப் புகார் உண்டு. புதுத் தக்கையை ஒரு ராத்திரி இன்ஜின் ஆயிலில் ஊறப்போட்டு மாட்டுங்கள், கழற்றிய ஜெட்டை மறுபடி நடுவில் நிறுத்தவும் மறக்காதீர்கள். எத்தனால் தாங்கும் ஹோஸ் மாற்றுங்கள், மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

சுவாமிமலை பக்கத்திலிருந்து: 1920-களின் காருக்குக் கதவுக் கைப்பிடி ஒன்று குறைகிறது. வெளிநாட்டில் கேட்டால் விலை தலை சுற்றுகிறது.

சுவாமிமலையில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா! வீட்டு வாசலிலேயே மெழுகு வார்ப்பு இருக்கிறது. மீதியிருக்கும் கைப்பிடியை ஸ்தபதியிடம் காட்டுங்கள். அதே அச்சில் மெழுகில் செய்து, காவிரி வண்டல் மண் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் ஊற்றுவார்கள். வார்த்தது ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு பங்கு சுருங்கும், அதனால் மெழுகு மாதிரி அந்த அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள். கைப்பிடிக்குள் போகும் சதுரத் துளையை வார்ப்பில் எதிர்பார்க்காமல் லேத் பட்டறையில் எடுங்கள். கடைசியாக ஒன்று, 1920-களின் நடுவில் வந்த வண்டி என்றால் நிக்கல் முலாம்தான் பொருத்தம், கண்ணைப் பறிக்கும் குரோம் பரவலானது அந்தப் பத்தாண்டின் கடைசியில். கழற்றிய பழைய பாகம் எதையும் காயலான் கடைக்குப் போடாதீர்கள், அடுத்த வார்ப்புக்கு அதுதான் மாதிரி.

நாகப்பட்டினத்திலிருந்து: உப்புக் காற்றில் தகடு பொடிப் பொடியாக உதிர்கிறது. தார்ப்பாய் போட்டு மூடித்தான் வைக்கிறேன்.

தார்ப்பாயை இன்றைக்கே எடுத்துவிடுங்கள், ஈரத்தை உள்ளே பூட்டிவைப்பதே அதுதான். பருத்தித் துணி போடுங்கள். கதவுகளுக்கு அடியில் தண்ணீர் வடியும் துளைகள் அழுக்கால் அடைத்திருக்கும், ஐப்பசி மழைக்கு முன் ஒரு கம்பியால் குத்திவிடுங்கள். அப்புறம் எலி. தையில் சம்பா அறுத்ததும் வயல் எலி கொட்டகைக்குத்தான் வரும், வயரிங்கைக் கடிக்கும். நிறுத்தும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றி வையுங்கள்.

திருவாரூரிலிருந்து: சார், என் மகனுக்குப் பழைய கார் மேல் ஆசையே இல்லை.

ஓட்டக் கொடுத்தீர்களா? துடைக்க மட்டும் கொடுத்தால் யாருக்கும் ஆசை வராது.

அவரே: கியர்பாக்ஸுக்கு என்ன ஆயில்? கடைக்காரர் விலை அதிகமானதுதான் நல்லது என்கிறார்.

விலையைப் பார்க்காதீர்கள், டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஜிஎல் என்பது கியர் ஆயிலின் தரக் குறியீடு, ஜிஎல்-5 என்று போட்டிருந்தால் அதிலுள்ள கந்தக மருந்து சூட்டில் பித்தளை, வெண்கல புஷ்ஷை அரிக்கும் வாய்ப்பு உண்டு. பழைய கியர்பாக்ஸுக்கு வண்டியின் கையேடு சொல்லும் ஆயில், அது கிடைக்காவிட்டால் அதே கனத்தில் ஜிஎல்-4. பின் ஆக்சிலில் ஹைப்பாய்ட் பல், அதாவது ஒன்றோடொன்று சறுக்கி உரசும் வளைந்த பல், என்றால் கையேட்டில் கடும் அழுத்தம் தாங்கும் ஈ.பி. ஆயில் என்றே இருக்கும், அங்கே அதைத்தான் ஊற்ற வேண்டும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.