ஒரு ராக் இசைக்குழுமேல் என் கணவருக்குப் பித்து, இது நோயா?

கேள்வி: நாங்கள் கலிஃபோர்னியாவில் வசிக்கிறோம். கணவருக்கு 48 வயது, கணினித் துறையில் வேலை. சைவ உணவு, மதுவோ புகையோ கிடையாது. இருபது ஆண்டுகளுக்கு முன் அலுவலக நண்பர் ஒருவர் கொடுத்த ஒலிப்பதிவுகளில் தொடங்கியது, இன்று ‘கிரேட்ஃபுல் டெட்’ என்ற ராக் இசைக்குழுவே கதி என்று ஆகிவிட்டது. தினமும் மூன்று மணி நேரம் காதில் இயர்போன். 2024-இல் அந்தக் குழுவின் பாடல்களைக் கேட்க நான்கு முறை லாஸ் வேகாஸ் போனார். அதில் ஒரு முறை மகளின் பள்ளி விழாவுக்கு வரவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் குழுவின் பேஸ் கிதார் கலைஞர் இறந்தபோது சொந்த அண்ணன் போய்விட்டதுபோல அழுதார். 2025 ஆகஸ்டில் சான் ஃபிரான்சிஸ்கோவில் மூன்று நாள் நிகழ்ச்சிக்குப் போய்வந்த பிறகு இரண்டு நாள் காதுக்குள் ரீங்காரம் கேட்பதாகச் சொன்னார். இப்போது தொலைக்காட்சியைச் சத்தமாக வைக்கிறார். ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.3. இது மனநோயா, டாக்டர்? இந்தப் பித்து அவர் உடலைக் கெடுத்துவிடுமா?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் என்பதால் முதல் முறை அந்த ரீங்காரத்தில் நின்றுவிட்டேன். இரண்டாம் முறை படித்தபோது மகளின் பள்ளி விழா கண்ணில் பட்டது. இரண்டுக்குமே பதில் சொல்ல வேண்டும்.

முதலில் உங்கள் பயத்தைப் போக்கிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் கணவருக்கு மனநோய் இல்லை. வேலைக்குப் போகிறார், நண்பர்கள் இருக்கிறார்கள், இருபது ஆண்டுகளாக ஒரு விஷயத்தில் மகிழ்ச்சி காண்கிறார். நடுவயதில் என்னிடம் வரும் ஆண்களில் பலருக்கு, வேலையைத் தவிர உங்களுக்கு எது பிடிக்கும் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. அவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன்.

ஒரே குழுவை ஏன் இத்தனை முறை கேட்க வேண்டும் என்பது உங்கள் மனத்தில் இருக்கும். இந்தக் குழுவைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால் அது புரியும். 1965-இல் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் தொடங்கியது. 1995 ஆகஸ்ட் 9 அன்று தலைமைக் கிதார் கலைஞர் ஜெர்ரி கார்சியா இறக்கும்வரை 2,300 நிகழ்ச்சிகளுக்கு மேல் வாசித்தார்கள். அவருக்குப் பிறகு மற்றவர்கள் வேறு பெயர்களில் அதே பாடல்களை வாசித்தார்கள்; உங்கள் கணவர் போனது அந்த நிகழ்ச்சிகளுக்கு. இரண்டு நாள் ஒரே வரிசையில் பாடல்கள் வராது. ஒரே பாட்டு ஒரு நாள் ஆறு நிமிடம் போகும், இன்னொரு நாள் இருபது நிமிடம் விரியும். நம் கச்சேரியில் ஒரே தோடியை வித்வான் இன்று ஒரு மாதிரியும் நாளை வேறு மாதிரியும் ஆலாபனை செய்வதில்லையா, அப்படி. ரசிகர்கள் நிகழ்ச்சியைப் பதிவு செய்துகொள்ளவும் குழுவே அனுமதித்தது. 1984 முதல் பதிவாளர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கினார்கள். உங்கள் கணவருக்கு நண்பர் கொடுத்த ஒலிப்பதிவுகளின் பூர்வீகம் அதுதான். அடுத்து என்ன வரும் என்று காத்திருப்பதிலேயே பாதி இன்பம் இருக்கிறது. கனடாவின் மான்ட்ரியாலில் நடந்து 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உடல் சிலிர்க்கும் அளவுக்குப் பிடித்த இசையைக் கேட்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். சிலிர்ப்பு வரும் கணத்தில் மட்டுமல்லாமல், அது வரப்போகிறது என்று எதிர்பார்க்கும் நொடிகளிலும் டோபமின் என்ற, இன்ப உணர்வோடு தொடர்புடைய மூளை வேதிப்பொருள் சுரந்தது. பசித்தவனுக்குச் சோற்றின் மணம் தரும் மகிழ்ச்சியும் இதே வழியில்தான் வருகிறது.

இசைக்கு அவ்வளவு ஆழம் உண்டு என்பதற்கு மருத்துவத்திலேயே ஒரு சான்று இருக்கிறது, அதுவும் இதே குழுவைச் சார்ந்தது. நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸிடம் ஒரு நோயாளி இருந்தார். மூளைக் கட்டியால் பார்வையும் போய், புதிதாக எதையும் நினைவில் வைக்கும் திறனும் போய்விட்டது. 1960-களின் பாடல்கள் மட்டும் அழியாமல் இருந்தன. 1991-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கிரேட்ஃபுல் டெட் வாசித்தபோது சாக்ஸ் அவரை அழைத்துப் போனார். ஆண்டுக்கணக்கில் மந்தமாக உட்கார்ந்திருந்த மனிதர் அன்று கைதட்டிப் பாடினார். மறுநாள் கேட்டால் அந்த இடத்துக்கு நான் போனதே இல்லை என்றார். நினைவு தங்கவில்லை, ஆனால் அந்த ஓர் இரவு அவர் முழு மனிதராக இருந்தார். படித்த நாளிலிருந்து இது என் மனத்தை விட்டு நீங்கவில்லை. அதே 1991-இல் குழுவின் தாள வாத்தியக் கலைஞர் மிக்கி ஹார்ட் அமெரிக்க செனட் குழுவின் முன் போய், முதியோரின் நலத்துக்கு இசை உதவும் என்று சாட்சியம் சொன்னார். நம் ஊர்க் கடம் வித்வான் விக்கு விநாயக்ராமும் ஜாகிர் ஹுசைனும் வாசித்து, 1992-இல் கிராமி விருது பெற்ற தாள வாத்தியத் தொகுப்பை உருவாக்கியவர் இவர்தான். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்த இசை அந்நியமாகப் பட்டால் இதைச் சொல்லிப் பாருங்கள்.

சரி, பித்து எப்போது நோயாகிறது? பிரபலங்கள்மீதான ஈடுபாட்டை உளவியலாளர்கள் மூன்று படிகளாகப் பார்க்கிறார்கள். முதல் படியில் கேட்டு மகிழ்வது, நண்பர்களோடு பேசுவது. அடுத்த படியில் அந்தக் கலைஞர் மனத்துக்குள் ஓயாமல் இருப்பார், அவர் தனக்கு மட்டுமே சொந்தம் என்று தோன்றும். கடைசிப் படியில் அவர் சொன்னால் சட்டத்துக்கு எதிரானதையும் செய்வேன், அவருக்கும் எனக்கும் ரகசியத் தொடர்பு இருக்கிறது என்ற நினைப்பு வரும். மனச்சோர்வும் பதற்றமும் மேல் படிகளில் உள்ளவர்களிடம்தான் கூடுதலாகத் தெரிகின்றன. உங்கள் கணவர் முதல் படியில் நிற்கிறார். பேஸ் கிதார் கலைஞர் ஃபில் லெஷ் இறந்ததற்கு அழுதது இயல்பான துக்கம். இருபது ஆண்டுகள் தினம் காதில் ஒலித்த விரல்கள் ஓய்ந்துவிட்டன; அழாமல் என்ன செய்வார்? வாரக்கணக்கில் சாப்பாடு, தூக்கம், வேலை எல்லாம் கெட்டுப்போயிருந்தால் வேறு விதமாகப் பேசியிருப்பேன்.

லெஷைப் பற்றி இன்னும் ஒன்று. ஹெபடைடிஸ் சி தாக்கி ஈரல் பழுதான அவருக்கு 1998-இல் மாற்று ஈரல் பொருத்தினார்கள். அதற்குப் பிறகு 84 வயதுவரை வாழ்ந்தார். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் மேடையில் நின்று, உறுப்புக் கொடையாளராகப் பதிவு செய்யுங்கள், அதை வீட்டாரிடம் இன்றே சொல்லிவையுங்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொள்வார். உங்கள் கணவர் அவருக்காக அழுதவர். ஓட்டுநர் உரிமத்தில் கொடையாளர் என்ற குறி இருக்கிறதா என்று கேளுங்கள்.

இனி காது. இங்கே நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். தவில் வாசிக்கும் கலைஞர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்; ஐம்பது வயதில் பேரனின் பேச்சு சரியாக விழவில்லை என்று வருவார்கள். அவர்களுக்கு நடந்தது உங்கள் கணவருக்கும் நடக்கலாம். நம் உட்காதில், நத்தை ஓடுபோலச் சுருண்ட குழாய்க்குள், ஒரு காதுக்குச் சுமார் 15,000 நுண்ணிய முடியணுக்கள் இருக்கின்றன. ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றுபவை அவைதான். செத்தால் மறுபடி முளைக்காது. 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்புக் கணக்கு. மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 88-க்கு நான்கு மணி, 91-க்கு இரண்டு மணி என்று இறங்கி, 100 டெசிபலுக்குப் பதினைந்தே நிமிடம். ராக் நிகழ்ச்சியில் 100 டெசிபல் சாதாரணம். உங்கள் கணவர் போகும் நிகழ்ச்சிகள் மூன்று மணி நேரத்துக்குக் குறைவதில்லை.

காது ரீங்கரிப்பது முடியணுக்கள் அடிபட்டதற்கான அறிகுறி. இரண்டு நாளில் நின்றுவிட்டதே என்று நிம்மதி அடைய வேண்டாம். கேட்கும் திறன் திரும்பியதுபோலத் தோன்றினாலும் உள்ளே நரம்பிணைப்புகள் சேதமடைந்திருக்கக்கூடும். தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் இந்த மாதமே ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் பரிசோதனையை எடுக்கச் சொல்லுங்கள். இரைச்சலால் வரும் கேள்விக்குறைவு 4,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம்போல வரைபடத்தில் தெரியும்.

இதற்காக நிகழ்ச்சிக்குப் போவதை நிறுத்த வேண்டியதில்லை. இசைக்கலைஞர்கள் போடும் காதடைப்பான் கடைகளில் கிடைக்கிறது. பஞ்சோ நுரையோ வைத்தால் பாட்டு மொத்தையாகக் கேட்கும். இது எல்லாச் சுருதியையும் ஒரே அளவில் குறைப்பதால் இசை தெளிவாகவே இருக்கும். 15 டெசிபல் குறைத்தால் 100 என்பது 85 ஆகிவிடும். பதினைந்து நிமிடம் எட்டு மணி நேரமாக நீளும். ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே நிற்க வேண்டாம். இடைவேளையில் வெளியே வந்து காதுக்கு ஓய்வு கொடுக்கட்டும். இயர்போனுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். தினம் மூன்று மணி என்றால் வாரம் 21 மணி. ஒலியைக் கட்டுக்குள் வைத்தால் அந்த மூன்று மணி நேரத்தில் தவறில்லை. எப்போதாவது ஒரு காது மட்டும் திடீரென்று கேட்காமல் போனால், சளி என்றோ குறும்பி என்றோ நினைத்துக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ஸ்டீராய்டு சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

சர்க்கரை 6.3 என்பது நீரிழிவின் வாசற்படி, 6.5 ஆனால் உள்ளே போய்விட்டார் என்று பொருள். ஜெர்ரி கார்சியா 1986 ஜூலையில் நீரிழிவு முற்றி நினைவிழந்து நாள்கணக்கில் கிடந்தார். எழுந்தபோது கிதார் வாசிக்கவே மறந்திருந்தது. முதலிலிருந்து பழக வேண்டியதாயிற்று. 53 வயதில் மாரடைப்பில் போனார். இந்தக் கதை உங்கள் கணவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைத் தன் ரத்தப் பரிசோதனைத் தாளோடு சேர்த்து அவர் யோசித்துப் பார்த்திருக்கிறாரா என்று தெரியவில்லை. இந்த ரசிகர்கள் நிகழ்ச்சி முழுவதும் ஆடுபவர்கள். அது நல்ல உடற்பயிற்சி. வீட்டிலும் அந்த மூன்று மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தை நடந்துகொண்டே கேட்கட்டும்.

அடுத்தது பலூன். அந்த நிகழ்ச்சிகளுக்குப் போனால் மூன்று விதமான பலூன்களைப் பார்க்கலாம். காது கேளாத ரசிகர்கள் பலூனைக் கையில் பிடித்து அதன் அதிர்வில் இசையை உணர்வார்கள். மஞ்சள் பலூன் கட்டிய மேசை ‘வார்ஃப் ராட்ஸ்’ என்ற ரசிகர் குழுவுடையது. மதுவையும் போதையையும் விட்டவர்கள் இடைவேளையில் அங்கே கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்பார்கள். போதைக்குப் பேர்போன ஒரு கூட்டத்துக்கு நடுவே, இசையை விடாமல் போதையை மட்டும் விடலாம் என்று நின்று காட்டியவர்கள் அவர்கள். எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை உண்டு. மூன்றாவது, வெளியே வாகன நிறுத்தத்தில் விற்கும் பலூன். அதில் இருப்பது நைட்ரஸ் ஆக்சைடு வாயு. போதைப் பழக்கம் இல்லாதவர்கூட, சிரிப்பு வாயுதானே, பல் மருத்துவர் கொடுப்பதுதானே என்று இழுத்துவிடுகிறார்கள். அது உடலிலுள்ள வைட்டமின் பி12-ஐச் செயலிழக்கச் செய்யும். தண்டுவட நரம்புகளின் உறை கெட்டு, கால் மரத்து, நடை தள்ளாடும். சைவ உணவுக்காரர்கள் பலருக்குப் பி12 இருப்பு ஏற்கெனவே குறைவு. ஆபத்து அவர்களுக்கு இன்னும் அதிகம். உங்கள் கணவர் தொட்டிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஆனாலும் சொல்லிவையுங்கள், அடுத்த ரத்தப் பரிசோதனையில் பி12 அளவையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

பள்ளி விழாவுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் அதை ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். அந்த வரியில்தான் உங்கள் மனக்குறை முழுவதும் இருப்பதாக எனக்குப் படுகிறது. அவர் செய்தது தவறு. அதை நோய் என்று பெயரிட்டு மன்னிக்கவும் வேண்டாம், பித்து என்று பெயரிட்டு ஒட்டுமொத்தமாகச் சாடவும் வேண்டாம். அன்று நீங்கள் வராதது எனக்கும் மகளுக்கும் வலித்தது என்று நேராகச் சொல்லுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் நாட்காட்டியை எடுத்து, முதலில் மகளின் நாள்களைக் குறியுங்கள். மிச்ச நாள்களுக்கு அவர் டிக்கெட் வாங்கட்டும். எவ்வளவு செலவு என்பதையும் இருவரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். மறைத்துச் செலவழிப்பது, டிக்கெட் கிடைக்காத நாளில் வீட்டில் எரிந்து விழுவது, விடுப்பு எடுக்க அலுவலகத்தில் பொய் சொல்வது, இவற்றில் ஏதாவது தொடர்ந்து நடந்தால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். அப்படி எதையும் நீங்கள் எழுதவில்லை.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். இந்த இருபது ஆண்டுகளில் அவர் உங்களை ஒருமுறையாவது கூட வரச் சொன்னாரா? சொல்லவில்லை என்றால் அவரை நான் கடிந்துகொள்வேன். சொல்லியும் நீங்கள் போகவில்லை என்றால், ஒரு முறை போய்வாருங்கள். பிடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அவர் எதைப் பார்த்து அப்படி ஆகிறார் என்பதை அருகே நின்று ஒரு முறை பார்த்தால் போதும்.

போகும்போது காதடைப்பான் இரண்டு ஜோடி வாங்குங்கள். ஆடியோகிராம் வந்ததும் இரண்டு காதின் வரைபடத்தையும் பி12 அளவையும் எனக்கு எழுதுங்கள். 4,000 ஹெர்ட்ஸில் 25 டெசிபலுக்கு மேல் இறங்கியிருந்தால், அடுத்த நிகழ்ச்சிக்கு முன்பே அங்குள்ள காது மருத்துவரை அவர் பார்த்துவிட வேண்டும்.