சளி பிடித்த குழந்தைக்குக் கொரோனா பரிசோதனை எப்போது தேவை? குழந்தை நல மருத்துவரின் பதில்கள்

சிறு குழந்தைகளின் சளி, இருமல், கொரோனா பரிசோதனை ஆகியவை பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் குழந்தை நல மருத்துவர் என்பதால் பெரியவர்களின் நோய்களுக்குள் அதிகம் செல்லப்போவதில்லை. உங்கள் குழந்தை இந்த நேரத்தில் மூச்சுவிடச் சிரமப்படுகிறது என்றால், இதைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

கேள்வி: என் மகளுக்கு இரண்டரை வயது. மூன்று நாள்களாக மூக்கு ஒழுகுகிறது, லேசான இருமல் இருக்கிறது, காய்ச்சல் இல்லை, வழக்கம்போல் விளையாடுகிறாள். இது சாதாரணச் சளியா, கொரோனாவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பரிசோதனை செய்ய வேண்டுமா?

பதில்: பார்த்த மாத்திரத்தில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. 2021 நவம்பரில் ஓமிக்ரான் என்று பெயரிடப்பட்ட திரிபு பரவத் தொடங்கிய பிறகு, குழந்தைகளிடம் கொரோனா பெரும்பாலும் மூக்கொழுகல், தொண்டை வலி, இருமல், ஓரிரு நாள் காய்ச்சல் என்று சாதாரணச் சளியைப் போலவே வந்து போகிறது. ரைனோ வைரஸ், சுவாசப் பாதையைத் தாக்கும் ஆர்எஸ்வி என்ற வைரஸ், அடினோ வைரஸ், இன்ஃபுளுயன்சா (ஃப்ளூ) ஆகியவையும் இதே அறிகுறிகளைத் தருகின்றன. கொரோனா குடும்பத்தைச் சேர்ந்த வேறு நான்கு வைரஸ்கள், 2019க்கு வெகு காலம் முன்பிருந்தே மனிதர்களுக்குச் சளியை உண்டாக்கி வருகின்றன. வாசனை தெரியவில்லை என்பது பெரியவர்களிடம் ஒரு தடயமாக இருக்கலாம். இரண்டரை வயதுக் குழந்தைக்கு அதைச் சொல்லத் தெரியாது.

சிறு குழந்தைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. மற்றக் குழந்தைகளுடன் நாள் முழுவதும் இருக்கும் குழந்தைக்கு அதைவிடக் கூடுதலாகவும் வரும். ஒவ்வொரு முறையும் ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். இருமல் மட்டும் மூன்று வாரம் வரை இழுக்கலாம். அத்தனை முறையும் மூக்கில் குச்சியை விட்டுக்கொண்டிருந்தால், குச்சியைப் பார்த்ததுமே குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு அலறத் தொடங்கிவிடும். உண்மையாகவே பரிசோதனை தேவைப்படும் நாளில் சரியான மாதிரி கிடைக்காது.

அதனால் பெற்றோரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பாசிட்டிவ் என்று வந்தால் நாளைக்கு எதை மாற்றிச் செய்வீர்கள்? வீட்டில் முதியவர், கர்ப்பிணி, புற்றுநோய் சிகிச்சை பெறுபவர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர் இருந்தால் பரிசோதியுங்கள். குழந்தைக்கே இதய நோயோ நாள்பட்ட நுரையீரல் நோயோ நோய் எதிர்ப்புக் குறைபாடோ இருந்தாலும், கொரோனா உறுதியான ஒருவருடன் கடந்த சில நாள்களில் நெருங்கியிருந்தாலும் பரிசோதியுங்கள். இவை எதுவும் இல்லாமல், குழந்தை நன்றாகக் குடித்து, விளையாடி, தூங்குகிறது என்றால், பரிசோதனை செய்யாமலிருப்பது தவறில்லை. உங்கள் மகள் இந்த இரண்டாம் வகை என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: ஒன்பது மாத ஆண் குழந்தை. இருமலும் சளியும் இருந்ததால் வீட்டில் பரிசோதித்தோம்; நெகட்டிவ். இனி கவலைப்பட வேண்டியதில்லை அல்லவா?

பதில்: இந்தக் கேள்விதான் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. நெகட்டிவ் என்பது ஒரு வைரஸ் அகப்படவில்லை என்று மட்டுமே சொல்கிறது. குழந்தை எப்படி இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை.

ஒரு மாலை, ஏழு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தம்பதியர் வந்தார்கள். "நெகட்டிவ் வந்துவிட்டது டாக்டர், சளிக்கு மட்டும் ஏதாவது கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு, வெள்ளைப் பரிசோதனைப் பட்டையை மேசையில் எடுத்து வைத்தார் தந்தை. அதில் ஒற்றைக் கோடு தெளிவாக இருந்தது. குழந்தை தாயின் தோளில் அமைதியாகச் சாய்ந்திருந்தது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. சட்டையை உயர்த்திப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளின் இடைவெளி உள்ளே குழிந்தது, மூக்கின் ஓரங்கள் விரிந்து சுருங்கின. கடிகாரத்தைப் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ணினேன்: 66. அது ஆர்எஸ்வியால் சிறு மூச்சுக்குழல்களில் வந்த அழற்சி. அன்றிரவே ஆக்சிஜன் தேவைப்பட்டது. பரிசோதனை சரியாகத்தான் சொல்லியிருந்தது. ஆனால் அந்த ஒற்றைக் கோட்டின் தைரியத்தில் அவர்கள் ஒரு நாளைக் கடத்திவிட்டார்கள்.

ஆகவே குச்சியை எடுப்பதற்கு முன்னால் சட்டையை உயர்த்துங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது, முடிந்தால் தூங்கும்போது, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை முழு 60 விநாடிகள் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்கு தவறும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலின்படி, இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40; அந்த எண்ணைத் தொட்டாலே அது வேகமான மூச்சு. காய்ச்சலும் மூச்சைக் கூட்டும் என்பதால், காய்ச்சல் இறங்கிய பிறகு மறுபடியும் எண்ணிப் பாருங்கள். நெஞ்சு உள்வாங்குதல், முனகல், உதடு நீலமாதல், பால் குடிக்க முடியாமை, எழுப்பினாலும் எழாத சோர்வு, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமை ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும், எண்ணிக்கை எதுவானாலும் கிளம்பிவிடுங்கள்.

கேள்வி: ஏழு வாரக் குழந்தைக்கு 38.2 டிகிரி செல்சியஸ் காய்ச்சல். முதலில் கொரோனா பரிசோதனை செய்துவிட்டு வரட்டுமா?

பதில்: வேண்டாம். இப்போதே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரியும் அதற்கு மேலும் அவசரநிலைதான். ரத்தத்திலோ சிறுநீரிலோ மூளை உறையிலோ பாக்டீரியா தொற்று இல்லை என்று உறுதி செய்யும்வரை அதைச் சளிக் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி: வீட்டில் செய்யும் ஆன்டிஜென் பரிசோதனையை எவ்வளவு நம்பலாம்?

பதில்: பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் நம்பலாம். நெகட்டிவை அந்த அளவுக்கு நம்ப முடியாது, அதுவும் அறிகுறி தொடங்கிய முதல் நாளில். அறிகுறி இருந்தும் நெகட்டிவ் வந்தால் 48 மணி நேரம் கழித்து இன்னொரு முறை செய்ய வேண்டும். அதுவும் நெகட்டிவ் என்றால்தான் ஓரளவு நிம்மதி. பரிசோதனை அவசியம் என்று முடிவெடுத்த குடும்பங்கள் அதனால் எப்போதும் இரண்டு முறைக்குத் திட்டமிடுங்கள்.

மாதிரி எடுக்கும் விதத்திலும் தவறு நேர்கிறது. குழந்தையை மடியில் உங்களுக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, ஒருவர் நெற்றியைத் தம் மார்போடு அணைத்துப் பிடிக்க, இன்னொருவர் பஞ்சு முனை மூக்கின் உட்சுவரில் உரசும்படி இரு துளைகளிலும் மெதுவாகச் சுழற்ற வேண்டும். வெறும் சளியைத் தொட்டு எடுத்தால் போதாது. எவ்வளவு ஆழம், எத்தனை சுற்று என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். உறையில் உள்ளதைப் படியுங்கள். குறித்த நேரம் கடந்தபின் தெரியும் கோட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. சிறு குப்பியில் இருக்கும் திரவம் பார்ப்பதற்குக் கண் சொட்டு மருந்து போலவே இருக்கும். சில தயாரிப்புகளில் அதில் சோடியம் அசைடு என்ற நச்சுப் பொருள் சேர்க்கப்பட்டிருக்கிறது. வேலை முடிந்ததும் குழந்தையின் கைக்கு எட்டாதபடி அப்புறப்படுத்துங்கள்.

கேள்வி: இரண்டாவது கோடு மிக மங்கலாகத் தெரிகிறது. அது பாசிட்டிவா?

பதில்: குறித்த நேரத்துக்குள் தெரிந்திருந்தால் பாசிட்டிவ்தான்.

கேள்வி: மூன்று வயது மகனுக்கு இரண்டு நாளாகச் சளி, காய்ச்சல் இல்லை. கொரோனா பரிசோதனை செய்ய வேண்டுமா?

பதில்: முதல் கேள்விக்கான பதிலைப் படியுங்கள். மூச்சை எண்ணிவிட்டீர்களா?

கேள்வி: எங்கள் வீட்டில் என் தந்தை புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறார். மகளின் வகுப்பில் பல குழந்தைகள் மூக்கொழுகலோடு வருகிறார்கள். பரிசோதிக்காமலிருப்பது தவறில்லை என்று நீங்கள் எழுதியது, அந்தப் பெற்றோருக்கு நல்ல சாக்காகிவிடும். அவர்கள் வீட்டில் ஆபத்து இல்லை என்பதற்காக எங்கள் வீட்டு ஆபத்தை மறந்துவிடலாமா?

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. நான் எழுதியது சளி பிடித்த குழந்தையின் வீட்டை மட்டும் மனத்தில் வைத்துத்தான். குழந்தை நாளெல்லாம் யாருடன் இருக்கப்போகிறது என்பதையும் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். ஆனாலும் ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் தந்தைக்கு ஆர்எஸ்வியும் இன்ஃபுளுயன்சாவும் கொரோனாவைப் போலவே ஆபத்தானவை. வகுப்புக் குழந்தைகள் எல்லோரும் நெகட்டிவ் என்று காட்டிவிட்டு மூக்கொழுகலோடு வந்தால் அவர் பாதுகாப்பாக இருப்பாரா? காய்ச்சல் மருந்து கொடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்து, இருமலும் தணிந்து வரும்வரை குழந்தையை வீட்டில் வைத்துக்கொள்வது எல்லா வைரஸுக்கும் பொருந்தும்.

கேள்வி (வேறொருவர்): வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது எளிது. ஒவ்வொரு சளிக்கும் விடுப்பு எடுத்தால் என் வேலை போய்விடும். மகளின் பள்ளியோ ஒவ்வொரு சளிக்கும் நெகட்டிவ் காட்டச் சொல்கிறது. கொரோனாவுக்கு முன்னால் சளிக்கு யார் பரிசோதித்தார்கள்? உலக அவசரநிலை 2023 மே 5 அன்றே முடிந்துவிட்டதே.

பதில்: அன்று முடிவுக்கு வந்தது சர்வதேச அவசரநிலை, வைரஸ் இன்னும் நம்மிடையே இருக்கிறது. உங்கள் பள்ளியின் விதியில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே ஒரு நெகட்டிவைக் கண்டு இருமும் குழந்தையை உள்ளே விடுவதும், மூன்று வாரம் இழுக்கும் வெறும் இருமலுக்காக நன்றாக இருக்கும் குழந்தையைத் திருப்பி அனுப்புவதும் யாருக்கும் பயன் தராது. காய்ச்சல் இன்றி, தெளிவாக விளையாடும் குழந்தையை மூக்கு லேசாக ஒழுகுகிறது என்பதற்காக நான் வீட்டில் வைக்கச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் எந்தப் பெற்றோராலும் பிழைக்க முடியாது.

தந்தை புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவதாகக் கேட்டவருக்கு மறுபடியும் எழுதுகிறேன், ஏனெனில் பரிசோதனையால் உண்மையான பயன் கிடைக்கும் வீடு உங்களுடையது. பெரியவர்களுக்குக் கொரோனாவுக்கெனத் தரப்படும் பாக்ஸ்லோவிட் மாத்திரையை அறிகுறி தொடங்கிய ஐந்து நாள்களுக்குள் ஆரம்பிக்க வேண்டும்; மற்ற மருந்துகளோடு அது ஒத்துப்போகுமா என்பதை உங்கள் தந்தையின் மருத்துவர் முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும். இன்ஃபுளுயன்சா மருந்தை 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். ஆகவே உங்கள் மகளுக்குச் சளி தொடங்கிய அன்றே, முடிந்தால் இரண்டு வைரஸ்களையும் ஒன்றாகப் பார்க்கும் பரிசோதனையைச் செய்யுங்கள். நெகட்டிவ் என்றால் இரண்டாம் முறையின் முடிவும் வரும்வரை தாத்தாவும் பேத்தியும் வேறு அறையில் தூங்கட்டும், ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், அருகில் செல்ல நேர்ந்தால் தாத்தா முகக்கவசம் அணியட்டும். இப்படிப் பரிசோதிப்பதை மற்றப் பெற்றோரிடம் எதிர்பார்ப்பதைவிட, வகுப்பாசிரியரிடம் உங்கள் வீட்டு நிலையைச் சொல்லி, வகுப்பில் யாருக்காவது கொரோனா உறுதியானால் தெரிவிக்கக் கேட்டுக்கொள்வது கைகூடும் என்று நம்புகிறேன்.

கேள்வி: சளி பச்சையாகிவிட்டது. ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா? இருமல் மருந்து?

பதில்: பச்சை நிறம் மட்டும் பாக்டீரியாவுக்கு அடையாளம் அல்ல, வைரஸ் சளியும் நான்காம் ஐந்தாம் நாளில் பச்சையாகும். நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கடைகளில் கிடைக்கும் சளி, இருமல் மருந்துகள் வேண்டாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனும், எந்த வைரஸ் காய்ச்சலிலும் குழந்தைகளுக்கு ஆஸ்பிரினும் கூடவே கூடாது.

கேள்வி: ஒரு மாதத்துக்கு முன் கொரோனா உறுதியாகிக் குணமான குழந்தைக்கு மறுபடியும் சளி. ஆய்வகத்தில் செய்யும் ஆர்டி-பிசிஆர் பரிசோதனை எடுக்கலாமா?

பதில்: குணமான பிறகும் வாரக்கணக்கில், சிலரிடம் 90 நாள்வரைகூட, பிசிஆர் பாசிட்டிவ் காட்டலாம். பரிசோதிக்க வேண்டியிருந்தால் ஆன்டிஜெனே மேல்.

கேள்வி: நான்கு வயது, மூக்கொழுகல், லேசான இருமல். பரிசோதிக்கலாமா?

பதில்: இதே கேள்வி இன்னும் பதினோரு பேரிடமிருந்து வந்திருக்கிறது. எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: முதலில் மூச்சை எண்ணுங்கள், பிறகு முதல் கேள்வியின் பதிலைப் படியுங்கள். இதை இனி தனித்தனியாக எழுதப்போவதில்லை.

கேள்வி: ஐந்து வயது மகளுக்கு நான்கு வாரம் முன்பு கொரோனா வந்து லேசாகப் போய்விட்டது. இப்போது மூன்று நாளாகக் கடும் காய்ச்சல், வயிற்று வலி, கண்கள் சிவந்திருக்கின்றன, உடலில் தடிப்பு. சளி இல்லை. ஆன்டிஜென் நெகட்டிவ். காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்காதீர்கள். கொரோனாவுக்குப் பிறகு, பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு வாரங்களில், குழந்தையின் நோய் எதிர்ப்பு மண்டலம் தன் உறுப்புகளையே அழற்சிக்கு உள்ளாக்கும் நிலை ஒன்று அரிதாக வருவதுண்டு. நீங்கள் எழுதியவை அதன் அறிகுறிகளோடு பொருந்துகின்றன. இதயம் பாதிக்கப்படலாம், நேரத்தோடு சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகத் தேறுகிறார்கள். அந்த நிலையில் ஆன்டிஜென் நெகட்டிவாக இருப்பதே வழக்கம். குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு இன்றே செல்லுங்கள். வரவேற்பில் இருப்பவரிடமே, நான்கு வாரத்துக்கு முன் கொரோனா வந்ததையும் அதன் தேதியையும் சொல்லிவிடுங்கள்.