தண்ணீர் குடித்துத் தூங்கும் பிள்ளை

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிறோம். முதல் பிள்ளை, மகன், ஏழு கிழமை. எனக்குப் பால் வற்றிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. மார்பு முன்போல இறுகுவதில்லை. பம்ப் பண்ணினால் ஒரு அவுன்ஸ்கூட வராது. பின்னேரமானால் கத்திக்கொண்டே இருப்பான். மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை, மூத்திரம் மட்டும் நன்றாகப் போகிறான். பால் கூடும் என்று வட்ஸ்அப்பில் சொன்னதால் டொம்பெரிடோன் குளிசை வாங்கி ஒரு கிழமையாகப் போடுகிறேன். இந்த வெக்கைக்குப் பிள்ளைக்குத் தாகமாக இருக்கும் என்று அம்மா பத்து நாளாகக் கொதித்தாறிய தண்ணியில் குளுக்கோஸ் கரைத்துக் கொடுக்கிறா. அதற்குப் பிறகு பகலில் நல்ல அமைதி. நாங்கள் எழுப்பினால்தான் பால் குடிக்கிறான், ஐந்து ஆறு தடவைதான். 2009இல் தம்பி கைக்குழந்தை. அம்மாவுக்குப் பால் வற்றிப்போய், தண்ணியும் கஞ்சியும் கொடுத்துத்தான் அவனைக் காப்பாற்றினா. எனக்கும் அப்படி ஆகுமா? பால்மா ரின் ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். உடைக்கலாமா?

பதில்: தண்ணீரை இப்போதே நிறுத்துங்கள், குளுக்கோசையும் சேர்த்து. இதை வாசிக்கிற அன்றைக்கே பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நிறை போட்டுக் காட்டுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பால் வற்றியதற்கு அடையாளம் என்று நீங்கள் எழுதியவற்றில் ஒன்றுகூட என்னைப் பயமுறுத்தவில்லை. நல்ல செய்திபோல எழுதிய வரிதான் பயமுறுத்துகிறது: பகலில் அமைதி, எழுப்பினால்தான் குடிக்கிறான். ஏழு கிழமைப் பிள்ளை பசித்துத் தானாக எழும்ப வேண்டும். ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது, பல பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு தடவைகூட, குடிக்க வேண்டும். உங்கள் மகனின் கணக்கு ஐந்து ஆறுக்கு இறங்கியிருக்கிறது. ஏன்? அவனுடைய வயிறு சின்னது. அதைத் தண்ணீரால் நிரப்பினால் பாலுக்கு இடம் இல்லை. வயிறு நிறைந்ததால் தூங்கிவிடுகிறான், ஆனால் உடம்பு வளர அதில் ஒன்றும் இல்லை. நிறை ஏறாத பிள்ளைக்கு உறிஞ்சுகிற பலம் குறையும். பலம் குறைந்தால் இன்னும் கொஞ்சமாகக் குடிப்பான், இன்னும் கூடத் தூங்குவான். கத்துகிற பிள்ளையை எல்லோரும் இரவோடு இரவாகத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். தூங்கித் தூங்கி மெலிகிற பிள்ளையை யாரும் கொண்டுவருவதில்லை. கிளினிக் தராசில் வைக்கும்போதுதான் அது தெரியவருகிறது.

தண்ணீரால் இன்னொரு கெடுதலும் உண்டு. இந்த வயதுச் சிறுநீரகத்தால் மேலதிகத் தண்ணீரைச் சுறுக்காக வெளியேற்ற முடியாது. இரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். முதலில் வருவது சோம்பலும் தூக்கமும்தான். அப்புறம் முகம் ஊதும், உடம்பு குளிரும், வலிப்பும் வரலாம். அவனுக்கு அது வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. பார்க்காமல் சொல்லவும் மாட்டேன். ஆனால் பத்து நாள் தண்ணீர் குடித்த பிள்ளை எழுப்பினால்தான் எழும்புகிறான் என்றால், நேரில் பார்க்காமல் விடக்கூடாது. மூத்திரம் நன்றாகப் போகிறது என்பதை இங்கே எடுக்கவே வேண்டாம். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளை ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் நிறமில்லாமல் போனால் பால் காணும் என்று அர்த்தம். தண்ணீரும் குடிக்கிற பிள்ளையிடம் அந்தக் கணக்குச் செல்லாது. குடித்த தண்ணீர்தான் வெளியே வருகிறது.

இவ்வளவு எழுதிய நீங்கள் அவனுடைய நிறையை எழுதவில்லை. பால் காணுமா காணாதா என்பதற்கு விடை பம்பில் இல்லை, பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டில் இருக்கிறது. பிறந்த நிறையை இரண்டு கிழமைக்குள் மீட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு கிழமைக்கு 150 கிராம் அளவில், மாதத்துக்கு அரைக் கிலோவுக்குக் குறையாமல் ஏற வேண்டும். பதிவேட்டில் போட்டிருக்கும் கடைசி நிறை எந்தத் தேதியில் எடுத்தது என்று பாருங்கள். அது தண்ணீர் தொடங்குவதற்கு முந்தியது என்றால் அதை வைத்து மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டாம்.

சரி, உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். அம்மாவுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்குமா? நடக்காது. பால் வற்றுவது தாயிடமிருந்து மகளுக்கு வருகிற சீதனம் இல்லை.

2009இல் போரின் கடைசி மாதங்களில் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் கைக்குழந்தையோடு இருந்த தாய்மாருக்கு என்ன நடந்தது என்பது வன்னியில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாப்பாடு இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை, பங்கருக்குள் பிள்ளையை மார்போடு அணைத்து வைத்திருக்கப் பத்து நிமிடம் நிம்மதி இல்லை. பயம் உச்சத்தில் இருக்கும்போது பாலை மார்பிலிருந்து வெளியே தள்ளுகிற ஒக்சிரோசின் என்ற ஹோர்மோன் தடைப்படும். மார்பில் பால் இருந்தாலும் இறங்காது. இறங்காத பாலைப் பிள்ளை குடிக்க முடியாது. குடிக்காவிட்டால் மார்பும் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். சாதாரணச் சத்துக்குறைவில் பால் வற்றுவதே இல்லை. வேளைக்கு ஒழுங்காகச் சாப்பிடாத தாய்மார்கூட நல்ல பால் கொடுக்கிறார்கள். உங்கள் அம்மா இருந்த நிலை அதற்கெல்லாம் அப்பாற்பட்டது. அவருடைய உடம்பில் குறை இருக்கவில்லை. அன்றைக்குக் கைக்குக் கிடைத்த கஞ்சித் தண்ணியைக் கொடுத்து மகனை உயிரோடு கொண்டுவந்தார். அவர் செய்தது சரி.

ஆனால் அன்றைக்குப் பாலுக்குப் பதிலாகத் தண்ணீர் கொடுத்தது வேறு வழி இல்லாததால். இன்றைக்கு உங்களிடம் பால் இருக்கும்போது கொடுக்கிற தண்ணீர் அந்தப் பாலைத்தான் தள்ளி வைக்கிறது. இதை அம்மாவிடம் கோபப்படாமல் சொல்லுங்கள். தண்ணீருக்காக ஒரு பிள்ளை துடித்ததைப் பார்த்தவர் தண்ணீர்க் கோப்பையோடு ஓடி வருவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

வெக்கை பற்றி: தாய்ப்பாலில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர்தான். தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலிலும் ஆறு மாதம் முடியும்வரை அதற்கு மேல் ஒரு சொட்டும் தேவையில்லை. தாகம் எடுத்தால் அடிக்கடி குடிப்பான், அவ்வளவுதான். 2016இல் 25 மாவட்டங்களிலும் எடுத்த குடித்தொகை சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பாலில் மட்டுமே வளர்ந்தார்கள். அவர்களும் இதே வெயிலில்தான் இருந்தார்கள். தண்ணீர் தேவைப்படுவது உங்களுக்கு. பத்தியம் என்று சொல்லித் தண்ணீரைக் குறைத்திருந்தால் இன்றோடு விடுங்கள், தாகத்துக்குக் குடியுங்கள். சுறாப் புட்டும் முருங்கைக்கீரையும் நல்ல சாப்பாடு, விருப்பமென்றால் சாப்பிடுங்கள். பால் பெருகுவது சாப்பாட்டால் இல்லை, பிள்ளை உறிஞ்சுவதால்.

மற்றவை: மார்பு இறுகாமல் இருப்பது ஆறு கிழமைக்குப் பிறகு இயல்பு. பம்பில் ஒரு அவுன்ஸ் வந்ததா அரை அவுன்ஸ் வந்ததா என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, பிள்ளையின் வாய்க்கு இறங்குகிற அளவு இயந்திரத்துக்கு இறங்காது. பின்னேர அழுகை இந்த வயதில் உச்சத்தில் இருக்கும், மூன்று நான்கு மாதத்தில் அடங்கும். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை இந்த வயதுக்குப் பிறகு ஒரு கிழமை வெளிக்குப் போகாவிட்டாலும், போகும்போது இளகிப் போனால், வயிறு ஊதாமல் இருந்தால், மருந்து வேண்டாம். ஓமத்தண்ணியும் வேண்டாம், வசம்பும் வேண்டாம்.

டொம்பெரிடோனை நிறுத்துங்கள். அது வாந்திக்குக் கொடுக்கிற மருந்து. சிலருக்கு இதயத் துடிப்பைக் குழப்பும். சில தாய்மாருக்கு டொக்டர்மார் நாங்கள் எழுதிக் கொடுப்பதும் உண்டு, ஆனால் தாயையும் பிள்ளையையும் பார்த்து, பாலூட்டுகிற முறையைத் திருத்தியும் சரிவராத பிறகு. வட்ஸ்அப்பில் இருப்பவர் உங்கள் நாடியைப் பிடித்துப் பார்த்தாரா? பிள்ளையின் நிறையையாவது கேட்டாரா? டொக்டரின் துண்டு இல்லாமல் எடுத்துக் கொடுத்த பாமசிமீதும் எனக்குக் கோபம்தான். குளிசை அட்டையைக் கையோடு கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள்.

பால்மா ரின்னை இப்போது உடைக்க வேண்டாம். நிறை மிகவும் குறைந்து, மேலதிகமாகக் கொடுத்தே ஆக வேண்டும் என்று டொக்டர் சொன்னால் அது வேறு. அப்போதும் முதலில் உங்கள் பாலைக் கையால் பீச்சிச் சின்னக் கோப்பையால் கொடுக்கச் சொல்வார்கள். போத்தல் வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு பகலில் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவன் எழும்பாவிட்டாலும் எழுப்புங்கள். துணியைக் கழற்றி உடம்போடு உடம்பாக வைத்தால் எழும்புவான். இரவிலும் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் விட வேண்டாம். பால் சுரக்க வைக்கிற ஹோர்மோன் இரவில்தான் கூட. வாயை அகலத் திறந்து, நாடி (மோவாய்) மார்பில் முட்ட, கறுப்பு வட்டத்தையும் சேர்த்துக் கவ்வுகிறானா, விழுங்குகிற சத்தம் கேட்கிறதா என்று உங்கள் பகுதி மிட்வைஃபை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பொதுவாக நாலைந்து நாளிலேயே பிள்ளை தானாகக் கேட்டு அழத் தொடங்குவான். அந்த அழுகைக்குச் சந்தோஷப்படுங்கள். ஒரு கிழமை கழித்து மறுபடி நிறை.

எழுப்பியும் கண் திறக்கவில்லை, பால் கவ்வவே இல்லை, உடம்பு குளிர்ந்திருக்கிறது அல்லது காய்கிறது, கை கால் வெட்டி இழுக்கிறது என்றால் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும். அப்படி ஒன்றும் இல்லையென்றால் நீங்களே முல்லைத்தீவு மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்குப் போகலாம். போகும்போது பதிவேட்டோடு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். தண்ணீர் ஏன் வேண்டாம் என்பதை அங்கே இருக்கிற டொக்டர் அவரிடமே சொல்லட்டும். பகலில் பிள்ளையை வைத்திருப்பவர் அவர்தான்.