வாசகர் கேள்விகள்: கொல்லையில் நிற்கும் நிலவேம்பு போதுமா?

கேள்வி: எங்கள் கொல்லையில் நிலவேம்பு தானாக முளைத்து நிற்கிறது. வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் என் மாமியார் அதில் ஒரு கைப்பிடி பறித்துக் கொதிக்க வைத்துக் கொடுத்துவிடுவார். அரசு மருத்துவமனையில் தரும் நிலவேம்புக் குடிநீரும் இதுவும் ஒன்றுதானா, ஐயா? ஐந்து வயதாகும் என் மகனுக்கும் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: இரண்டும் ஒன்றல்ல, சகோதரி. 2012-இல் டெங்கு பரவியபோது தமிழக அரசு மருத்துவமனைகளில் வழங்கப்பட்ட குடிநீர், நிலவேம்புடன் வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்பாடகம், சுக்கு, மிளகு ஆகியவற்றைச் சம அளவில் சேர்த்து, ஒன்றிரண்டாக இடித்த ஒன்பது சரக்குகளின் கூட்டு. நாட்டுமருந்துக் கடையில் வாங்கும் சூரணத்தில் 5 கிராம் எடுத்து, 200 மில்லி நீரில் இட்டுச் சிறு தீயில் 50 மில்லியாக, அதாவது நாலுக்கு ஒன்றாக வற்றவைத்து, வடிகட்டி, வெதுவெதுப்பாகவே குடித்துவிட வேண்டும். காலையில் காய்ச்சியதை மாலைக்கு எடுத்து வைப்பதும், நேற்றையதை இன்று சூடாக்குவதும் தவறு.

தங்கள் மாமியாரின் கைப்பக்குவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. தனி நிலவேம்பும் காலங்காலமாகக் காய்ச்சலுக்குக் கொடுக்கப்பட்டு வந்ததுதான். ஆனால் கொல்லையில் நிற்பது நிலவேம்புதானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். தண்டை விரலால் உருட்டிப் பார்த்தால் நான்கு பட்டையாக இருக்கும். வெள்ளைச் சிறுபூவின் இதழில் கருஞ்சிவப்புக் கோடு தெரியும். இலையின் ஒரு நுனியை மென்றாலே கசப்பு அடிநாக்கில் நெடுநேரம் நிற்கும். என் பாட்டி இந்தக் கசப்பைப் பார்த்த பிறகே செடியைப் பறித்து, வெயில் படாமல் திண்ணை நிழலில் உலர்த்துவார். கஷாயம் குடித்த கையோடு எங்கள் வாயில் ஒரு துண்டு பனங்கற்கண்டைப் போடுவார்.

மகனைப் பொறுத்தவரை, அளவைத் தாங்களாக முடிவு செய்ய வேண்டாம். வயதையும் எடையையும் பார்த்துச் சித்த மருத்துவர் சொல்லட்டும். கருவுற்ற பெண்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கலாகாது.

மழைக்காலக் காய்ச்சலில் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது வேறொன்று. டெங்குவில் காய்ச்சல் தணிகிற அந்த ஓரிரு நாளில்தான் ஆபத்து கூடுகிறது. உடம்பு சுடவில்லை, கஷாயம் கேட்டுவிட்டது என்று வீட்டார் நிம்மதியாக இருக்கும் நேரத்தில் பிள்ளைக்கு வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், சிறுநீர் குறைதல், எழ முடியாத சோர்வு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். இரத்தப் பரிசோதனைக்கு எந்தக் குடிநீரும் மாற்றாகாது.

கேள்வி: நொச்சி இலை ஆவி பிடித்தால் காய்ச்சல் குறையுமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: மூக்கடைப்பும் தலைபாரமும் இளகும், காய்ச்சல் அதனால் இறங்காது. கொதிக்கும் பானைக்கு முன்னால் குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள். பானை கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைகளுக்கு நான் மருந்து கட்டியிருக்கிறேன். சிறுவர்களுக்கு ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிட்டு, கஞ்சித் தண்ணீரும் இளநீரும் அடிக்கடி கொடுத்தாலே நல்லது. நொச்சித் தழையை மாலையில் புகை போட்டால் கொசு விலகும் என்று கிராமத்தில் செய்வார்கள். ஆனால் டெங்குக் கொசு பகலில் கடிப்பது. ஆகவே தொட்டியையும் உரலையும் வாரம் ஒரு முறை தேய்த்துக் கவிழ்த்து வையுங்கள்.