பிளேட் வைத்தாச்சு, கை எப்போது பழையபடி ஆகும்? – கேள்வி பதில்

கை அறுவை சிகிச்சை முடிந்து வருபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். மணிக்கட்டு முறிந்து, எலும்பைப் பிடித்து நிறுத்த உலோக பிளேட் வைத்துக்கொண்டவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எல்லாமே ஆரை எலும்பின், அதாவது முன்கையில் கட்டை விரல் பக்கம் இருக்கும் எலும்பின், கீழ்முனை முறிவைப் பற்றியவை. கையை ஊன்றி விழும்போது பெரும்பாலும் உடைவது அந்த இடம்தான். உங்கள் எக்ஸ்ரே என் கண்ணில் படவில்லை என்பதை மனதில் வையுங்கள். உங்கள் சர்ஜன் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னபடியே செய்யுங்கள்.

ஆபரேஷன் முடிந்து நான்கு நாள் ஆகிறது மேடம். விரல்கள் வீங்கிப் பளபளவென்று இருக்கின்றன. அசைத்தால் பிளேட் நகர்ந்துவிடுமோ என்று பயந்து அப்படியே வைத்திருக்கிறேன். சரிதானே?

சரியில்லை. இன்றே அசைக்கத் தொடங்குங்கள். இப்போது பெரும்பாலும் வைப்பது, ஸ்க்ரூவின் தலை பிளேட்டின் துளையிலேயே மரையால் பூட்டிக்கொள்ளும் வகை. வெறும் விரல் அசைவால் அது நகராது. மாவுக்கட்டோடு நிறுத்தாமல் பிளேட் வைப்பதன் பெரிய லாபமே கையைச் சீக்கிரம் அசைக்கலாம் என்பதுதான்.

எலும்பைப் பிடித்துக்கொள்ளும் வேலையை பிளேட் பார்த்துக்கொள்ளும். விரல்கள் இறுகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. அதை உங்களுக்காக வேறு யாரும் செய்ய முடியாது. வீக்க நீர் மூட்டுகளையும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களையும் சுற்றித் தேங்கி நின்றால் அவை ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். முறிந்தது மணிக்கட்டு, ஆனால் கடைசியில் மடங்காமல் நிற்பது விரல். இதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படுகிறது. ஏனென்றால் இது தவிர்க்கக்கூடியது.

விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை, பத்துப் பத்துத் தடவை செய்யுங்கள். விரல்களை முழுக்க நீட்டுங்கள், உள்ளங்கையைத் தொடும்வரை மடக்குங்கள், அகட்டி மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள், கட்டை விரலால் ஒவ்வொரு விரல் நுனியையும் தொடுங்கள். தானாக முழுக்க மடங்கவில்லையென்றால் மறு கையால் மெதுவாக உதவுங்கள். கையைத் தொங்கவிடாதீர்கள். உட்காரும்போதும் படுக்கும்போதும் தலையணை மேல், நெஞ்சை விட உயரத்தில் இருக்கட்டும். மோதிரம் இருந்தால் உடனே கழற்றுங்கள். நாள் முழுக்கத் தூளியில் போட்டு வைத்தால் தோள்பட்டையும் இறுகிவிடும். அதனால் முழங்கையை மடக்கி நீட்டி, கையைத் தலைக்கு மேல் தூக்கி இறக்குவதையும் விடாதீர்கள்.

எலும்பு புறங்கைப் பக்கம் சாய்ந்துவிட்டது என்றார்கள். தையலோ உள்ளங்கைப் பக்கம் இருக்கிறது. ஏன்?

நல்ல கேள்வி. கையை ஊன்றி விழும்போது உடைந்த துண்டு பெரும்பாலும் புறங்கைப் பக்கம்தான் சாயும். அயர்லாந்து சர்ஜன் ஏபிரகாம் காலிஸ் 1814-லேயே இதை விவரித்திருக்கிறார். எக்ஸ்ரே வந்தது 1895-ல், அதாவது கண்ணால் பார்த்தும் கையால் தொட்டுமே அவர் கண்டுகொண்டார். புறங்கைப் பக்கம் தசைநாண்கள் எலும்பை ஒட்டியே ஓடுவதால், அங்கே பிளேட் வைத்தால் உரச வாய்ப்பு அதிகம். உள்ளங்கைப் பக்கம் எலும்பு கொஞ்சம் தட்டையாக இருக்கும், மேலே மூட ஒரு தசையும் உண்டு. பூட்டும் வகை ஸ்க்ரூ இருப்பதால் இந்தப் பக்கத்திலிருந்தே சாய்ந்த துண்டைத் தாங்கிப் பிடிக்க முடிகிறது.

தையல் எப்போது பிரிப்பார்கள்? மணிக்கட்டை எப்போது அசைக்கலாம்?

தையல் பெரும்பாலும் 10 முதல் 14 நாளில். பலருக்கு அதையொட்டியே மணிக்கட்டையும் மெதுவாக அசைக்கச் சொல்வார்கள். மற்ற நேரத்துக்குக் மணிக்கட்டைத் தாங்கிப் பிடிக்கும், கழற்றி மாட்டும் ஸ்ப்ளிண்ட், சுமார் ஆறு வாரம்வரை. கப், ஸ்பூன், பேனா மாதிரி லேசானவற்றைப் பிடிக்கலாம். கனமானதைத் தூக்குவதும் கையை ஊன்றி எழுவதும் எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்தது தெரிந்த பிறகுதான். காயம் நன்றாக மூடியதும் தழும்பின் மேல் க்ரீம் தடவி அழுத்தித் தேய்த்துவிடுங்கள், அடியில் ஒட்டாமல் இருக்கும்.

ஏழு வாரம் ஆச்சு. மேலும் கீழும் ஓரளவு வருகிறது. ஆனால் உள்ளங்கையை மேலே பார்த்த மாதிரி திருப்பவே முடியவில்லை. சில்லறை வாங்கக்கூட இடது கையைத்தான் நீட்டுகிறேன்.

பெரும்பாலும் கடைசியாகத் திரும்பி வருகிற அசைவு இதுதான், மனம் தளராதீர்கள். முன்கையின் இரண்டு எலும்புகளில் ஆரை எலும்புதான் மற்றதைச் சுற்றி உருள்கிறது. அந்த உருளலுக்கான கீழ் மூட்டு, முறிவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள சவ்வு இறுகிவிட்டால் கை திரும்பாது.

முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, 90 டிகிரி மடக்கிப் பயிற்சி செய்யுங்கள். ஒட்டிவைக்காவிட்டால் தோள் சாய்ந்துகொடுத்துவிடும், கை திரும்பிவிட்டது போல ஏமாற்றும். மறு கையால் மணிக்கட்டுக்குச் சற்று மேலே, முன்கையைப் பிடித்து மெதுவாகத் திருப்பி, இழுக்கும் உணர்வு வரும் இடத்தில் அரை நிமிடம் நிறுத்துங்கள். விரல்களைப் பிடித்துத் திருகாதீர்கள். எலும்பு சேர்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு, ஒரு சுத்தியலின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தலைப்பகுதி பக்கவாட்டில் மெதுவாகச் சாய விடலாம். அதன் எடையே கையைத் திருப்பிக் கொடுக்கும். எடை அதிகமாகத் தெரிந்தால் பிடியைத் தலைக்குப் பக்கத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு முன் வெதுவெதுப்பான ஒத்தடம் உதவும்.

வீட்டில் யாராவது "நான் ஒரே திருப்பில் சரிபண்ணுகிறேன்" என்று வந்தால் கையைக் கொடுக்காதீர்கள். வேகமாக நெம்பினால் வீக்கம்தான் கூடும். அப்புறம், ஓரிடத்தில் சுவரில் முட்டின மாதிரி டக்கென்று நின்று, சுண்டு விரல் பக்க மணிக்கட்டில் வலி குத்தினால் சர்ஜனிடம் காட்டுங்கள். அந்தப் பக்கத்து எலும்பு நுனியிலோ குருத்தெலும்பிலோ காயம் இருக்கலாம்.

அம்மாவுக்கு 66 வயது. ஆறு வாரத்துக்குப் பிறகும் கை தீயாய் எரிகிறது, துணி பட்டால்கூடத் துடிக்கிறார். தோல் மினுங்குகிறது, நிறம் மாறுகிறது, அந்தக் கை மட்டும் வியர்க்கிறது. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறதாம். "எல்லாம் மனசுதான்" என்கிறார் சித்தி.

மனசு இல்லை. தயவுசெய்து அம்மாவிடம் அப்படிச் சொல்ல யாரையும் விடாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சிஆர்பிஎஸ் என்ற வலிநோயாக இருக்கலாம். காயத்துக்குப் பிறகு நரம்பு மண்டலம் வலி சமிக்ஞையை அணைக்காமல் பெருக்கிக்கொண்டே போகும் நிலை அது. மணிக்கட்டு முறிவுக்குப் பிறகு வரக்கூடியதுதான், எக்ஸ்ரே அழகாக இருந்தாலும் வரும். சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாக நல்ல வாய்ப்பு உண்டு. அதனால் அடுத்த மாதச் செக்கப்புக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே சர்ஜனைப் பாருங்கள்.

கையை மூடிப் பொத்தி வைக்கவும் கூடாது, அழ அழ மடக்கவும் கூடாது. மென்மையான பஞ்சு, அப்புறம் பருத்தித் துணி, அப்புறம் கொஞ்சம் சொரசொரப்பான துண்டு என்று தோலைத் தொடுதலுக்குப் பழக்குவோம். கண்ணாடிக்கு முன் நல்ல கையை அசைத்து, அந்தப் பிம்பத்தை அடிபட்ட கையாக மூளைக்குக் காட்டும் பயிற்சியும் உண்டு. தேவைப்பட்டால் நரம்பு வலிக்கான மருந்தை டாக்டர் எழுதுவார்.

கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகின்றன. ராத்திரி அதிகம்.

மணிக்கட்டின் நடுவே போகும் நரம்பு வீக்கத்தில் அழுந்துகிறது. லேசாக இருந்து நாளுக்கு நாள் குறைந்தால் கவனித்தால் போதும். கூடிக்கொண்டே போனாலோ, விரலை நீட்டினால் தாங்க முடியாத வலி வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், மறுநாள் என்று தள்ளாதீர்கள். தையல் சிவந்து சீழ் வந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ இதே பதில்தான்.

எலும்பு சேர்ந்துவிட்டது. பிளேட்டை எடுக்கணுமா?

தொந்தரவு இல்லையென்றால் பெரும்பாலும் எடுக்கத் தேவையில்லை. எடுப்பதும் இன்னொரு ஆபரேஷன்தானே. ஆனால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கட்டை விரலை அசைக்கும்போது நறநறவென்று உரசினாலோ, மணிக்கட்டில் அந்த விரலின் தசைநாண் வழியே வலித்தாலோ, மாதங்கள் கடந்திருந்தாலும் காட்டுங்கள். பிளேட்டின் விளிம்போ ஸ்க்ரூவின் முனையோ தசைநாணை அரித்துக்கொண்டிருக்கலாம். அறுந்துவிட்டால் கட்டை விரல் நுனி திடீரென்று மடங்காது, அல்லது நிமிராது. அதற்கு முன்பே பிளேட்டை எடுப்பது நல்லது. எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் பிளேட் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பொதுவாக டைட்டானியம் பிளேட் அதற்குத் தடையில்லை.

கார் எப்போது ஓட்டலாம்? பைக்? புஷ்-அப்?

கார், பலருக்கு ஆறு வாரத்தை ஒட்டி. ஸ்ப்ளிண்ட் இல்லாமல் ஸ்டியரிங்கை இரு கையாலும் பிடித்துச் சட்டென்று திருப்ப வரவேண்டும், தூக்கம் வரவைக்கும் வலி மாத்திரை எதுவும் சாப்பிடக் கூடாது. பைக் இன்னும் தாமதம். பிரேக் பிடிக்கும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் உடல் எடை மணிக்கட்டில் இறங்கும். புஷ்-அப் மூன்று மாதத்துக்கு முன் வேண்டாம். அதன் பிறகும் முதலில் சுவரில், அப்புறம் மேஜை விளிம்பில், கடைசியாகத் தரையில். பிடிவலு ஒரு வருடம்வரைகூடக் கூடிக்கொண்டே வரும்.

எனக்கு 57 வயது. வீட்டுக்குள் நடக்கும்போது சும்மா தடுக்கி விழுந்தேன், அதற்கே உடைந்துவிட்டது. கை இப்போது நன்றாக இருக்கிறது. இத்தோடு முடிந்ததா?

கைக்கு முடிந்தது. உங்களுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு உடைந்தால், 50 வயதைத் தாண்டியவர்களுக்கு, குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமாகும் எலும்புப்புரை இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். அடுத்தது இடுப்பாகவோ முதுகாகவோ இருந்தால் பாடு இதைவிடப் பெரிது. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனும் வைட்டமின் டி ரத்தப் பரிசோதனையும் எடுக்கலாமா என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். கை சரியான சந்தோஷத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். புகைப்பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். கண் பார்வையைச் சோதித்துக்கொள்ளுங்கள், தலைசுற்றல் தரும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டுப் பாருங்கள். ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியை, கைக்கெட்டும் தூரத்தில் பிடிமானம் வைத்துக்கொண்டு, தினமும் செய்யுங்கள்.